'மைனர்தானே, அவன் ஏத்துக்கிடட்டும்' என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:

மேடம், திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மூத்த மகன் பதினொன்றாம் வகுப்பு. 16 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. டவுன் பஸ்ஸில் சீட்டுத் தகராறில் காலனிப் பையன் ஒருவனோடு இவனுக்குச் சண்டை. மறுநாள் எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் (22, 24 வயது) இவனைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பையனை அருவாளால் வெட்டிவிட்டார்கள். கையைக் குறுக்கே வைத்ததால் உயிர் தப்பினான். என் மகன் ஆளைக் காட்டிவிட்டுப் பைக்கிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறான். இப்போது பாளையங்கோட்டையில், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான்.

எங்கள் சாதிச் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "வக்கீல் செலவை நாங்க பாத்துக்கிடுதோம். நாந்தான் வெட்டுனேன்னு பய சொல்லட்டும். மைனர்தானே, மூணு வருசத்துக்கு மேல போவாது. பெரிய பயலுவ ரெண்டு பேருக்கும் வாழ்க்கை போயிரும்லா" என்கிறார்கள். ஸ்டேஷனில் அடித்ததாக மகன் சொன்னான். அதற்கும் "நல்லதுதான், புத்தி வரட்டும்" என்கிறார்கள் ஊரில். அவன் போனில் அருவாளோடு எடுத்த ரீல்ஸ் கிடக்கிறது. பார்க்கப் போனால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என் மாமனார் மேலும் அந்தக் காலத்தில் வெட்டு கேஸ் உண்டு. "நம்ம ரத்தம்லா, சும்மா இருப்பானா" என்று கொழுந்தன் மார்தட்டுகிறார். ரத்தத்திலேயே வருமா மேடம்?

ஜாமீன் கிடைத்தால் திருப்பூருக்கு அனுப்பு என்கிறார் வீட்டுக்காரர். நாகர்கோவிலில் இருக்கும் என் அண்ணன் தன்னிடம் அனுப்பச் சொல்கிறார். அந்தப் பையனின் அம்மாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்யாததைச் செய்ததாக உங்கள் மகன் யாரிடமும் சொல்லக் கூடாது. சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மட்டுமல்ல, கூர்நோக்கு இல்லத்தில் உடனிருக்கும் பையன்களிடமும் கூடாது. அடுத்த முறை பார்க்கப் போகும்போது வேறு எதையும் பேசாவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த 'மூணு வருசம்' கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் குழுமம் ஒரு சிறுவனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். அதிகபட்சம் 3 ஆண்டுகள். அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லி வருகிறார்கள். அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவை யாரும் சொல்வதில்லை. 16 வயது முடிந்தவன் மேல் கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் சுமத்தப்பட்டால், குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். செய்வதன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்கும். பெரியவனைப் போலவே விசாரிக்கலாம் என்று முடிவெடுத்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே மூன்று வருடக் கணக்கு செல்லாது. 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில் வைத்திருந்து, திருந்தவில்லை என்று கண்டால் மிச்சத் தண்டனைக்குச் சிறைக்கே அனுப்பலாம்.

கொலை முயற்சி என்பது மட்டும்தான் குற்றச்சாட்டு என்றால் பயம் குறைவு. அந்தப் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் அது 'கடுங்குற்றம்' என்ற இரண்டாவது வகையில் நின்றுவிடும். குழுமமே விசாரித்து முடிக்கும். ஆனால் காயம்பட்டவன் 'காலனிப் பையன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதாவது பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாயம் சேர்ந்திருக்கும். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை, அவர் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது அதன் 3(2)(v) பிரிவு. அந்தப் பிரிவு எஃப்ஐஆரில் இருந்தால், இது கொடுங்குற்றம்தான் என்று வாதிட அரசுத் தரப்புக்கு வழி கிடைத்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு 16 முடிந்து இரண்டே மாதம்தான் ஆகிறது என்பது இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். ஆளைக் காட்டிவிட்டுப் பைக்கில் உட்கார்ந்திருந்தவனாக அவன் அந்த மதிப்பீட்டை எதிர்கொள்வதும், 'நானே திட்டம் போட்டு வெட்டினேன்' என்றவனாக எதிர்கொள்வதும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வழக்கமாகச் சிறார் வழக்கு முடிந்தால் அந்தப் பதிவு அவன் வேலைவாய்ப்பை மறிக்கக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்கும் மிலிட்டரிக்கும் காலையில் ஓடுகிறவர்கள். 'மைனர்தானே' என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னார்களா?

பெரிய பையன்களுக்காக ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவனைக் குற்றம் செய்ய ஈடுபடுத்தினாலே 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவு. குற்றம் நடந்துவிட்டால், தானே செய்தது போல அந்தத் தண்டனையும் சேரும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவிலும் இதற்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. வன்கொடுமை வழக்கில் முன்ஜாமீனும் இல்லை. ஆக, உங்கள் மகன் வாயைத் திறந்து 'இவர்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்' என்று சொன்னால் அவர்கள் நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும் அக்கறை இதிலிருந்து வருவது.

அதற்காக உங்கள் மகன் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. 'பைக்கில்தான் உட்கார்ந்திருந்தேன்' என்பது அவனைக் காப்பாற்றிவிடாது. பொது நோக்கத்தோடு சேர்ந்து போனால், கத்தி எவன் கையில் இருந்தாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆளைக் காட்டியது சின்ன விஷயமும் இல்லை. அவன் எதைச் செய்தானோ அதை, அந்த அளவோடு, தன் வக்கீலிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். அதற்குமேல் எதைப் பேசுவது, எப்போது பேசுவது என்பதை அந்த வக்கீல் முடிவு செய்யட்டும்.

அந்த வக்கீல் சங்கம் வைத்த வக்கீலாக இருக்கக் கூடாது. மூன்று பேருக்கும் ஒரே ஆள் ஆஜரானால், இவனுக்கு நல்லதாக இருப்பது அவர்களுக்குக் கெட்டதாக இருக்கும். பணம் தருகிறவர் பக்கம்தான் தராசு சாயும். திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை, சலுகை இல்லை. நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்று ஊரில் சொல்வார்கள். சிலர் அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

குழுமத்தில் முதல் வாய்தா நாளன்று நடப்பதை நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். உள்ளே மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு மேஜைக்குப் பின்னால் நடுவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர்; அதில் ஒருவராவது பெண். போலீஸ்காரர் மஃப்டியில் வந்திருப்பார், ஆனால் ஷூவைப் பார்த்தே பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நிற்பார்கள், சாலையோரம் அவர்களுடைய பொலிரோ நிற்கும். பையன் வேனிலிருந்து இறங்கும்போது ஒருவர் போய் முதுகில் தட்டுவார், இன்னொருவர் போனில் படம் எடுப்பார். அது அன்று மாலையே பின்னணி இசையோடு எங்கேயோ ஏறிவிடும். அப்படிப் படம் போடுவதே குற்றம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது, கேட்பவர் யார்? மூன்றாவது வாய்தாவுக்கு பொலிரோ வராது. ஐந்தாவது வாய்தாவுக்கு அம்மா மட்டும் காலையில் முதல் பஸ் பிடித்து, தூக்குவாளியில் சோறோடு வந்து நிற்பாள். அன்றைக்குப் பீடி சுற்றிய கூலியும் போயிருக்கும்.

'ரத்தத்திலேயே வருமா' என்று கேட்டதற்கு நான் மருத்துவராக இருந்து பதில் சொல்லத் தேவையில்லை. உங்கள் மாமனார் மேல் வழக்கு இருந்தது என்கிறீர்கள். உங்கள் கணவரும் அந்த மனிதரின் மகன்தானே? அவர் மேல் ஏன் ஒரு பெட்டி கேஸ்கூட இல்லை? மாமனாருக்கு அந்த வழக்கு எதனால் வந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். குளத்துத் தண்ணீரா, வரப்பா, கோயில் கொடையில் முதல் மரியாதையா என்று ஏதோ ஒன்று இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் ஒரு காரணமும், அதை ஊதிவிட்டவர்கள் இரண்டு மூன்று பேரும், அதனால் ஆதாயம் அடைந்த ஒருவரும் இருந்திருப்பார்கள். வழக்கு நடத்திக் காணி நிலத்தை இழந்தது மட்டும் உங்கள் மாமனார் வீடாக இருந்திருக்கும்.

அருவாள் உங்கள் ஊருக்குப் புதிதா? வாழைத்தார் வெட்ட, கருவேலம் கழிக்க எல்லார் வீட்டுக் கூரையிலும் செருகியிருந்ததுதான். கொடையில் சுடலைமாடனுக்கு ஆடுகிறவர் கையிலும் அருவாள்தான். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் பள்ளிக்கூடப் பைக்குள் அதை வைத்துக்கொண்டு போகவில்லை. கலாச்சாரம், வீரம் என்று உங்கள் கொழுந்தன் சொல்வது உண்மையானால் இது அப்போதே நடந்திருக்க வேண்டும்.

தென்மாவட்டங்களில் இது எப்படி வளர்ந்தது என்பதைப் பேருந்தை வைத்தே சொல்லிவிடலாம். 1995-ல் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறு மாவட்டம் முழுக்கக் கலவரமாகப் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பட்டியல் சாதி மக்கள் வாழும் கொடியன்குளம் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியதில்தான் அது வந்து நின்றது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று கிளம்பியவர்களால் மறுபடியும் ரத்தம் சிந்தியது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. வேறொரு சாதித் தலைவரின் பெயர் தாங்கிய பேருந்தில் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைத்த மண்ணில், டவுன் பஸ் சீட்டுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிள்ளைகள் கண்டுபிடித்த சண்டை இல்லை அது.

பள்ளிக்குள்ளும் அதேதான். கையில் கட்டும் இரண்டு நிறக் கயிறு எந்தத் தெரு என்று சொல்லிவிடும். 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநர் அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அறிவித்துவிட்டார். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் கயிறுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று வரிசையாகப் பரிந்துரைகள் இருக்கின்றன. அந்த அறிக்கை வந்ததும் முதலில் குதித்தவர்கள் யார் என்று கவனித்தீர்களானால், உங்கள் திண்ணைக்கு வந்தவர்களின் ஜாடை தெரியும்.

சினிமாவைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படம் பார்த்த எல்லாப் பையன்களும் வெட்டப் போவதில்லை. குருபூஜைக்கும் ஜெயந்திக்கும் வேன் கூரைமேல் ஏறிப் போகும்போது, கீழே நிற்கும் சித்தப்பாவும் மாமாவும் பெரியப்பாவும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்தப் படமும் ஈடாகாது. வீட்டில் மார்க் குறைந்தால் திட்டு வாங்குகிறவன், அன்றைக்கு மட்டும் ஊருக்கே பிள்ளையாகிவிடுகிறான். உங்கள் கொழுந்தன் மார்தட்டுவது அவன் காதில் விழாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். கூர்நோக்கு இல்லத்துக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

ஸ்டேஷனில் அடித்தது நல்லதுதான் என்று ஊரார் சொல்வதும் இதே சாமான்தான், வேறு கடையில் வாங்கியது. பிடிபட்டவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால் நம் ஜனங்கள் சிரித்துக்கொண்டே அதைப் பகிர்கிறார்கள். வழுக்கி விழுந்தான் என்ற கதையை நம்புகிறவர் யாருமில்லை, கேட்கிறவரும் இல்லை. அது ஏன் கைதிகள் மட்டும் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டது. உங்கள் மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் 2023-ல் விசாரணைக்கு அழைத்துப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தது. சாத்தான்குளத்தில் 2020-ல் தகப்பனும் மகனுமாக ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்தே கொல்லப்பட்டார்கள். அவர்கள் ரவுடிகள் இல்லை, செல்போன் கடை நடத்தியவர்கள். அடித்தால் புத்தி வரும் என்பதை லத்தி பிடித்தவரிடமிருந்து ஒரு பையன் கற்றுக்கொண்டால், வெளியே வந்து அதை எவன்மேல் சோதிப்பான்?

உடம்பில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேதி, நேரம், யார், எதனால் அடித்தார் என்பதை அவன் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டு, வக்கீல் வழியாகக் குழுமத்தில் கொடுத்து மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கவும் கூடாது, விலங்கு போடவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதில் எது மீறப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். 'போலீஸைப் பகைத்துக்கொள்ளாதே' என்று புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள்.

போனைத் தொடாதீர்கள். ரீல்ஸை அழித்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள், அழித்தால் அது தடயத்தை மறைத்த குற்றம். அதில் நீங்களும் மாட்டுவீர்கள். வீட்டில் அருவாள் ஏதும் கிடந்தால் கிணற்றில் போடுவது, உறவினர் வீட்டுக்குக் கடத்துவது எல்லாம் வேண்டாம். வக்கீலிடம் சொல்லுங்கள். அதேபோல் பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியும் பஞ்சாயத்துப் பதிவும் மாறியிருப்பது நம் ஊர்களில் சகஜம். இரண்டையும் உள்ளபடியே கொடுங்கள். 16-க்குக் கீழே கொண்டுவர ஏதாவது 'ஏற்பாடு' செய்யலாம் என்று எவராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அவன் அழாததைப் பற்றி. 16 வயதுப் பையன் அம்மா முன்னால், அதுவும் நாலு பேர் பார்க்கும் இடத்தில், அழ மாட்டான். அதை வைத்துக் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டாதீர்கள். அழுதிருந்தால் திருந்திவிட்டான் என்றும் நான் நம்பியிருக்க மாட்டேன். 'ஏன் செய்தாய்' என்று கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் சொந்தப் பதில் இருக்காது, கொழுந்தனின் பதிலைத்தான் சொல்வான். 'பைக்கில் யார் முதலில் கூப்பிட்டது? அருவாள் எப்போது கண்ணில் பட்டது? அந்தப் பையன் கையை வைத்தபோது நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?' என்று கேளுங்கள். நடந்ததை நடந்தபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பெரும்பாலான பையன்களுக்குக் குரல் உடைகிறது. குழுமத்தில் கேட்டால் ஆற்றுப்படுத்துநரை ஏற்பாடு செய்வார்கள். உங்களுக்கே நெஞ்சு அடைக்கிறது என்றால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

காயம்பட்ட பையனின் வீட்டுக்கு நீங்கள் இப்போது போகக் கூடாது. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கு நடக்கும்போது எதிரித் தரப்பு அம்மா வந்து நின்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அது மிரட்டலாகத்தான் படும்; உங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் உள்ள பழைய கணக்கு அப்படி. சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகப் புகாரும் வரலாம். அதைவிட, நீங்கள் போன வழியில் நாளைக்குச் சங்கத்துக்காரர்கள் 'சமாதானம்' பேசப் போவார்கள். அதைத் தடுப்பதுதான் அந்த அம்மாவுக்கு நீங்கள் இப்போது செய்யக்கூடியது. 'என் மகன் பேரைச் சொல்லிக்கொண்டு யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். வன்கொடுமைச் சட்டப்படி அவர்களுக்கு அரசு நிவாரணம் உண்டு, அது அவர்கள் உரிமை. அதை வாங்கினார்கள் என்று உங்கள் தெருவில் யாராவது வாய் நீட்டினால் அதையும் அடக்குங்கள். வெட்டுப்பட்டது எழுதும் கையா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பையனுக்கும் பொதுத்தேர்வு வரும். பேச வேண்டிய காலம் வந்தால், குழுமத்தின் வழியாக, அவர்கள் சம்மதித்தால் மட்டும் பேசலாம்.

இனி ஜாமீன். சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு மற்றச் சட்டங்களை மீறி நிற்கும், வன்கொடுமை வழக்காக இருந்தாலும். மறுக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. அதில் ஒன்று, வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது. அந்த இரண்டு வாலிபர்கள் இருக்கும் அதே தெருவுக்குத்தான் திரும்புவான் என்றால் மனு தள்ளுபடியாக நாமே காரணம் எழுதிக் கொடுத்தது போலாகும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார். அவரிடம் ஊர் கௌரவம் பார்க்காமல், வீட்டில் நடப்பதை அப்படியே சொல்லுங்கள்.

திருப்பூர் வேண்டாம். அப்பா இரண்டு ஷிஃப்ட் போய்விட்டால் லைன் வீட்டில் பையன் தனியாகக் கிடப்பான். ஒரு மாதத்தில் கம்பெனிக்குப் போய்ச் சம்பளம் கையில் பார்த்துவிட்டால் படிப்பு அத்தோடு நின்றது. உங்கள் அண்ணன் வீடுதான் சரி. மனுவில் நாகர்கோவில் முகவரியையே கொடுக்கச் சொல்லுங்கள். குழுமத்தின் அனுமதியோடு அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். இப்போதைய பள்ளியில் டிசியை வற்புறுத்தித் தந்தால், வக்கீலைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணனிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகலோடு வாய்தா அன்று அவர் நேரில் வந்து, பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் வேலைக்கு லீவு சொல்ல வேண்டும் என்பதால் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.